அரசனின் தம்பிகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒரு நிறுவனத்தின் விற்பனைப் பிரிவுக்குப் பொறுப்பில் இருக்கிறேன். காலாண்டு முடிவில் எல்லோரும் சோர்ந்துபோயிருந்தார்கள். அவர்களைத் தூக்கி நிறுத்த, பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த அஜின்கோர்ட் போருக்கு முன் இங்கிலாந்து அரசன் ஐந்தாம் ஹென்றி தன் படையிடம் ஆற்றிய உரையைத் தமிழில் சொன்னேன். ‘நாம் சிலர், பேறுபெற்ற சிலர், இன்று என்னோடு ரத்தம் சிந்துகிறவன் என் சகோதரன்’ என்ற இடத்தில் எனக்கே தொண்டை அடைத்துக்கொண்டது. முடித்ததும் ஒரு பையன், “சார், அது ராஜா பேசினதில்ல, ஷேக்ஸ்பியர் எழுதினது” என்றான். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். உண்மையில் ஹென்றி அப்படிப் பேசினானா? அத்தனை சிறிய படை வென்றது அந்த உரையால்தானா? நம் மரபில் இதற்கு ஈடாக ஏதாவது உண்டா?

எம்.

அன்புள்ள எம்.,

உங்கள் கடிதம் வந்தபோது அந்த உரை வரும் ஷேக்ஸ்பியரின் ‘ஐந்தாம் ஹென்றி’ நாடகம்தான் மேஜைமேல் விரிந்து கிடந்தது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

பையன் சொன்னது சரி. போர் நடந்தது 1415 அக்டோபர் 25, புனித கிரிஸ்பின் திருநாளன்று. நாடகம் 1599-இல் வந்தது. நடுவே 184 வருடங்கள். ஆனால் ஷேக்ஸ்பியர் அதை வெறுங்காற்றிலிருந்து எடுக்கவில்லை. படையோடு போன அரசரின் குருவானவர் ஒருவர், போர் முடிந்து ஓரிரு வருடங்களில் லத்தீனில் ஒரு வரலாறு எழுதினார். சர் வால்டர் ஹங்கர்ஃபோர்ட் என்ற வீரர், ‘இங்கிலாந்தின் சிறந்த வில்லாளிகளில் இன்னும் பத்தாயிரம் பேர் இருந்தால் நன்றாக இருக்குமே’ என்று அங்கலாய்த்ததாகவும், ‘முட்டாள்தனமாகப் பேசாதே, இருப்பவர்களே தேவனின் மக்கள், ஒருவர்கூட அதிகம் வேண்டாம்’ என்று ஹென்றி மறுத்ததாகவும் அதில் இருக்கிறது. விதை அதுதான். நாடகத்தில் அந்த அங்கலாய்ப்பு வெஸ்ட்மோர்லண்ட் பிரபுவின் வாயில் வருகிறது. அவர் அன்று ஸ்காட்லாந்து எல்லையைக் காத்துக்கொண்டிருந்தார், போர்க்களத்திலேயே இல்லை.

உரையால் வென்றார்களா? இல்லை. மழையில் ஊறிய உழுத நிலம், இருபுறமும் காடு, நடுவே நெருக்கியடித்து நடந்து வந்த பிரெஞ்சு இரும்புக் கவசங்கள், அவற்றின்மேல் பெய்த அம்புகள். படைகளின் எண்ணிக்கை பற்றி வரலாற்றாசிரியர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். நீங்களும் நானும் அதில் இறங்க வேண்டாம்.

எனக்கு வேறு ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. நீங்கள் அந்த உரையை முழுக்கப் படித்தீர்களா?

கிழவனான ஒரு வீரன், ஒவ்வொரு வருடமும் கிரிஸ்பின் நாளுக்கு முந்தைய நாள் அண்டை வீட்டாருக்கு விருந்து வைப்பான், சட்டைக் கையைச் சுருட்டித் தழும்பைக் காட்டுவான் என்கிறான் அரசன். அழகான இடம். நீங்கள் கலங்கியது புரிகிறது, நானும் கலங்கியிருக்கிறேன். அடுத்து என்ன வருகிறது? அப்போது நம் பெயர்கள் எல்லோர் வாயிலும் புழங்கும் என்கிறான். எந்தப் பெயர்கள்? அரசன் ஹென்றி, பெட்ஃபோர்ட், எக்ஸெட்டர், வாரிக், டால்பட், சாலிஸ்பரி, குளோஸ்டர். ஓர் அரசன், மிச்சம் எல்லாரும் பிரபுக்கள். வில்லாளி ஒருவன்கூட இல்லை. தழும்பு கிழவனுடையது, அவன் சொல்ல வேண்டிய பெயர்கள் மட்டும் அவர்களுடையவை.

இன்னும் கொஞ்சம் போங்கள். போர் முடிகிறது. இறந்த ஆங்கிலேயர்களின் பட்டியலை அரசனே வாசிக்கிறான். யார்க் கோமகன், சஃபோக் பிரபு, சர் ரிச்சர்ட் கெட்லி, டேவி காம். பெயர் சொல்லும்படி வேறு யாரும் இல்லை, மற்றவர்கள் எல்லாம் சேர்த்து 25 பேர் என்று முடித்துவிடுகிறான். காலையில் சகோதரர்கள், மாலையில் மற்றவர்கள். ஷேக்ஸ்பியர் இதைத் தெரியாமல் எழுதினார் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

ஏடுகளும் இதையே சொல்கின்றன. அந்தப் படையெடுப்பில் வில்லாளிக்கு நாளுக்கு 6 பென்ஸ் கூலி. கோமகனுக்கு 13 ஷில்லிங் 4 பென்ஸ், அதாவது 160 பென்ஸ். பிரபு பிடிபட்டால் மீட்புப் பணம் கொடுத்து வீடு திரும்பலாம். வில்லாளியை மீட்க யார் பணம் கட்டுவார்கள்? சரணடைந்த பிரெஞ்சுக்காரர்களைக் கொன்றுபோடும்படி ஹென்றி ஆணையிட்டபோது, மீட்புப் பணம் போய்விடுமே என்று பிடித்தவர்கள் தயங்கினார்கள். அந்த வேலை கடைசியில் 200 வில்லாளிகளிடம் வந்து சேர்ந்தது.

போரைக் கண்ணால் கண்ட இருவர் பின்னர் எழுதிய குறிப்புகளில் ஹென்றியின் இன்னொரு பேச்சும் உண்டு. ‘பிடிபடும் ஒவ்வொரு வில்லாளிக்கும் வலது கையில் மூன்று விரல்களை வெட்டுவோம் என்று பிரெஞ்சுக்காரர்கள் சூளுரைத்திருக்கிறார்கள்’ என்று சொன்னானாம். இதில் சகோதரத்துவம் எதுவும் இல்லை. ஆனால் தன் பேச்சைக் கேட்டு நிற்பவன் யார், அவன் பிழைப்பு எந்த விரல்களில் இருக்கிறது என்று தெரிந்த பேச்சு. அவன் நிஜமாகவே ஏதாவது பேசியிருந்தால் இதைத்தான் பேசியிருப்பான் என்பது என் ஊகம்.

கல்லூரியில் இந்தக் காட்சியை நாங்கள் நடித்தோம். எனக்கு வில்லாளி வேஷம், பின்வரிசை. மூங்கில் வில்லைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மைக் முன்னால் இருந்தது. எங்கள் அரசன் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பார்வையாளர்களைப் பார்த்து முழங்கினான். எங்கள் காதில் ஒரு சொல்கூடச் சரியாக விழவில்லை. முன்னால் நிற்பவன் வில்லைத் தூக்கும்போது நாமும் தூக்கிக் கத்த வேண்டும், அவ்வளவுதான் எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. கைதட்டல் கூரையைப் பிளந்தது. நடிப்புக்கலையில் நான் கற்றது ஒன்றுமில்லை, ஆனால் அந்த உரை யாருக்காக எழுதப்பட்டது என்பது அன்று விளங்கிவிட்டது.

இனி திட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த உரையை மட்டும் கத்தரித்து எடுத்தீர்களே, அதற்கு முந்தைய இரவை ஏன் விட்டீர்கள்? அரசன் மாறுவேடத்தில் கூடாரங்களுக்கு நடுவே நடக்கிறான். மைக்கேல் வில்லியம்ஸ் என்ற சாதாரணச் சிப்பாய் அவனிடம் பேசுகிறான். இந்தப் போரின் காரணம் நியாயமானதாக இல்லாவிட்டால், வெட்டுண்ட கால்களும் கைகளும் தலைகளும் இறுதிநாளில் ஒன்றுகூடி ‘இன்ன இடத்தில் செத்தோம்’ என்று கூவும், அரசன் பெரிய கணக்கு ஒன்று தீர்க்க வேண்டியிருக்கும் என்கிறான். அரசன் என்ன பதில் சொல்கிறான்? ஒவ்வொரு குடிமகனின் கடமையும் அரசனுக்கு உரியது, ஆனால் அவனவன் ஆன்மா அவனவனுடையது என்கிறான். கேட்டது போரின் நியாயத்தைப் பற்றி, பதில் வந்தது சிப்பாயின் பாவங்களைப் பற்றி. ஆன்மா விஷயத்தில் வில்லியம்ஸ்கூட ஒப்புக்கொள்கிறான். ஆனால் அவன் முதலில் கேட்டது அப்படியே நிற்கிறது. அரசன் மீட்புப் பணம் கொடுத்துத் தப்ப மாட்டேன் என்று சொன்னதாகப் பேச்சு வரும்போது, ‘எங்கள் கழுத்து அறுபட்டபிறகு அவர் மீட்கப்பட்டால் எங்களுக்கு எப்படித் தெரியும்?’ என்கிறான். மறுநாள் காலையில் முழங்கிய உரைக்கு முன்கூட்டியே எழுதப்பட்ட பதில் அது.

உங்கள் குழுவில் அந்தக் கேள்வியைக் கேட்கும் ஆள் இருந்தால் என்ன செய்வீர்கள்? இலக்கு எட்டப்பட்டால் மேடையில் யார் பெயர் வாசிக்கப்படும்? ஊக்கத்தொகை எப்படிப் பிரியும்? இதற்கெல்லாம் பதில் இல்லாமல் ‘சகோதரர்களே’ என்று தொடங்காதீர்கள். மனிதர்கள் சோர்ந்துபோகிறார்கள் என்றால் அவர்களுக்கு ஓய்வு கொடுங்கள், ஷேக்ஸ்பியரை அல்ல. நீங்கள் நல்ல மனிதர் என்பது உங்கள் தொண்டை அடைத்ததிலேயே தெரிகிறது. அதனால்தான் இவ்வளவு உரிமையோடு சொல்கிறேன்.

நம் மரபைக் கேட்டிருந்தீர்கள். புறநானூற்றின் 72-ஆம் பாடலைப் படியுங்கள். பாண்டியன் நெடுஞ்செழியன் போருக்கு முன் உரைத்த வஞ்சினம். காலத்தால் அஜின்கோர்ட்டுக்கு வெகு முந்தையது. சின்னப்பையன் என்று இகழ்ந்தவர்களை வெல்லாவிட்டால், ‘கொடியன்எம் இறை எனக் கண்ணீர் பரப்பிக் குடிபழி தூற்றும் கோலேன் ஆகுக’ என்கிறான், அதாவது எங்கள் அரசன் கொடியவன் என்று குடிமக்கள் அழுது பழி தூற்றும் ஆட்சி எனக்கு அமையட்டும் என்கிறான். மாங்குடி மருதன் முதலான புலவர்கள் என் நாட்டைப் பாடாமல் விடட்டும், இரப்பவர்க்குக் கொடுக்க முடியாத வறுமை என்னைச் சேரட்டும் என்கிறான். வீரர்களுக்கு ஒரு வாக்குறுதியும் இல்லை, தோல்வியின் பழி முழுக்கத் தன் தலையில். எனக்கு ஹென்றியைவிட இவனைப் பிடிக்கும். ஆனால் அந்தப் போர் நடந்த தலையாலங்கானத்தில் அவன் வென்றுவிட்டான், ஆகவே தனக்கே இட்டுக்கொண்ட சாபத்தைச் சுமக்கும் தேவை அவனுக்கு வரவேயில்லை என்பதையும் மறக்காமல் படியுங்கள்.

அன்புடன்.