தூய்மையும் சுத்திகரிப்பும் – கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

ஆய்வகத்தில் நடக்கும் சுத்திகரிப்பும் சடங்குகளில் சொல்லப்படும் தூய்மையும் ஒன்றுதானா? தூய்மைச் சடங்குகள் எல்லாமே முன்னோர் கண்டறிந்த சுகாதார அறிவியல்தான் என்று என் நண்பர் வாதிடுகிறார். என்னால் ஏற்கவும் முடியவில்லை, மறுக்கவும் தெரியவில்லை.

– ஒரு வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

வேதியியலில் சுத்திகரிப்பு என்பது பிரித்தெடுத்தல். எதை, எதிலிருந்து, எந்த அளவுக்கு, எதன்பொருட்டு என்ற கேள்விகளுக்கு விடை இல்லாமல் அங்கே தூய்மை என்ற பேச்சே எழுவதில்லை. மறுபடிகமாக்கலை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மாசு கலந்த பென்சாயிக் அமிலத்தைக் கொதிநீரில் கரைத்து, சூட்டோடு வடிகட்டி, அசைக்காமல் ஆறவிட்டால், தன்னையொத்த மூலக்கூறுகளையே சேர்த்துக்கொண்டு ஊசி ஊசியாகப் படிகம் வளரும். மாசு பெரும்பாலும் கரைசலிலேயே தங்கிவிடும். அவசரப்பட்டுக் குளிரவைத்தால் மாசும் படிகத்துக்குள் சிக்கிக்கொள்ளும். வெண்மையைப் பார்த்து யாரும் முடிவுக்கு வருவதில்லை. 122 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சட்டென உருகினால் தூயது. அதற்கு முன்பே இளகத் தொடங்கினால் மறுபடியும் கரைக்க வேண்டியதுதான்.

சடங்கின் தூய்மை வேறு தளத்தைச் சேர்ந்தது. தண்ணீர் கிடைக்காத இடத்தில் இஸ்லாமியர் தொழுகைக்கு முன் செய்யும் தயம்மும், தூய மண்ணில் கைகளைப் பதித்து முகத்தையும் கைகளையும் தடவிக்கொள்வது. அழுக்கு நீக்கம் மட்டுமே நோக்கமாக இருந்திருந்தால் நீரின் இடத்தில் மண் வந்திருக்காது. அன்றாடத்திலிருந்து விலகி இறைவன்முன் நிற்க மனிதர் தம்மை ஆயத்தப்படுத்திக்கொள்ளும் செயல் அது. அதைக் கிருமிநாசினி என்று நிறுவப் புறப்படுவது சடங்கையே சிறுமைப்படுத்துவதாக நான் கருதுகிறேன்.

சுகாதாரத்தின் தூய்மைக்கோ அளந்து காட்டும் சான்று வேண்டும். 1847இல் வியன்னா பொது மருத்துவமனையில் பிணக்கூறாய்வு செய்த கையோடு மருத்துவர்கள் பிரசவம் பார்த்தார்கள். சோப்பால் கழுவிய கை பார்வைக்குச் சுத்தம். வாடை மட்டும் போகவில்லை. அங்கே பணியாற்றிய மருத்துவர் இக்னாஸ் செம்மல்வெய்ஸ் அந்த வாடையைப் பொருட்படுத்தி, குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கைகழுவச் செய்தார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த தாய்மார் இறப்பு ஜூனில் ஏறத்தாழ 2 ஆனது. நோய்க்குக் கிருமிகளே காரணம் என்ற கோட்பாடு நிலைபெறாத அக்காலத்தில் அந்தக் கணக்குதான் அவருடைய சான்று.

என்னை உண்மையில் கலங்கவைப்பது, பிறப்பையோ உடலின் இயல்பையோ காரணம் காட்டி மனிதரைத் தூய்மையற்றவர் என ஒதுக்கிவிட்டு, அதற்கு நுண்ணுயிரியலைத் துணைக்கு அழைக்கும் வழக்கம். நீங்கும் மாசு எது, நீங்கிவிட்டதை எதைக் கொண்டு அறிவது என்று உங்கள் நண்பரிடம் கேளுங்கள். கழுவும் வழக்கங்கள் சிலவற்றுக்கு அவரால் நல்ல விடை தர முடியும், மனிதரை ஒதுக்கும் இந்த வழக்கத்துக்கு முடியாது.