ஏழு நாள் முகாமுக்கு மகனை அனுப்பலாமா?

வணக்கம் சகோதரி. பிளஸ் ஒன் படிக்கும் மகன் ஒரு ராத்திரிகூட வெளியில் தங்கியதில்லை, என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) சிறப்பு முகாம் என்றதும் வயிற்றுவலி என்கிறான், நிறுத்திவிடட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிறுத்தாதீர்கள். பல முகாம்களுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போன ஆசிரியர் நான். அந்த வயிற்றுவலி பொய்யில்லை, பயம் வயிற்றில்தான் முதலில் தெரியும். இரண்டாம் ராத்திரிதான் கஷ்டம். போர்வைக்குள் அழுத பையன் ஒருவன், நாலாம் நாள் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு பந்தியில் ஓடினான்.

இந்த வாரமே மாமா வீட்டில் ஒரு ராத்திரி தங்கட்டும். தட்டை அவனே கழுவட்டும், துணியை அவனே துவைக்கட்டும். முகாமிலிருந்து அவன் போன் செய்தால் “வந்து கூட்டிப்போறேன்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

எனக்கு உண்மையில் பயம் தண்ணீர்தான். பிள்ளைகள் எங்கே குளிப்பார்கள், கூட யார் போவார்கள் என்று முகாமை நடத்தும் ஆசிரியரான திட்ட அலுவலரிடம் முன்னாடியே கேளுங்கள். கிணறு, கம்மாய் என்றால் ஆசிரியர் இல்லாமல் இறங்கக்கூடாது. நண்பன் மூழ்கினாலும் குதிக்காமல், கத்தி ஆள் கூப்பிட்டு, கயிறோ வேட்டியோ வீசச் சொல்லுங்கள்.

அப்புறம், யாராவது தப்பாக நடந்தால் அழைக்க, குழந்தைகள் உதவி எண் 1098. மனப்பாடமாக இருக்கட்டும்.