மனித உருவமே இல்லாத வேற்றுக்கிரக உயிர்களை நம்பும்படி எழுதிய அறிவியல் புனைகதைகள் உண்டா?

உண்டு, நிறையவே உண்டு. திரைப்படங்களை மட்டும் பார்த்துவிட்டு இல்லையென்று முடிவுகட்டிவிடாதீர்கள். திரையில் வேற்றுக்கிரகவாசிக்கு இரண்டு கை, இரண்டு கால், ஒரு முகம் வாய்ப்பதற்குப் பெரிய காரணம் ஒப்பனைக்குள் ஒரு நடிகர் இருப்பதுதான். எழுத்தாளருக்கு அந்தக் கட்டாயம் கிடையாது.

ஆனால் கை கால்களை நீக்கினால் மட்டும் போதாது. பத்துக் கொடுக்குகள் உள்ள உயிர் நம்மைப் போலவே கோபப்பட்டு, நம்மைப் போலவே பேரம் பேசினால் அது வேடம் கட்டிய மனிதன்தான். உடம்பு அது பிறந்த நிலத்திலிருந்து வரவேண்டும். புத்தி அந்த உடம்பிலிருந்து வரவேண்டும்.

ஹால் கிளெமென்டின் 'மிஷன் ஆஃப் கிராவிட்டி' (1954) இதைச் சாதித்தது. அதில் வரும் மெஸ்க்ளின் கிரகம் அசுர வேகத்தில் சுழன்று தட்டையாகிப்போனது. நடுக்கோட்டில் ஈர்ப்பு பூமியைப்போல் மூன்று மடங்கு. துருவத்தில் சுமார் 700 மடங்கு. அங்கே வாழ்பவை தரையோடு தரையாக நீண்டு கிடக்கும் பல கால் உயிர்கள். சில அங்குல உயரத்திலிருந்து விழுந்தாலே சாவு என்பதால் உயரம் என்றாலே அவற்றுக்குக் குலை நடுங்கும். எதையாவது தூக்கி எறியலாம் என்ற எண்ணமே அவற்றுக்குக் கிடையாது. கோத்தகிரியில் சரிவிலேயே வீடு, சரிவிலேயே தேயிலை என்று வளர்ந்தவன் நான். நிலத்தின் சாய்வு நடையை மட்டுமல்ல, பயங்களையும் வகுத்துவிடும் என்று அறிவேன். அதனால் அந்தப் பக்கங்கள் எனக்கு மிகவும் நெருக்கமானவை.

ராபர்ட் ஃபார்வர்டின் 'டிராகன்ஸ் எக்' (1980) இன்னும் துணிச்சலானது. நியூட்ரான் விண்மீன் என்பது வெடித்துப்போன பெரிய விண்மீனின் மிகமிக அடர்ந்த எச்சம். அப்படி ஒன்றின் மேற்பரப்பில் வாழும் சீலா என்ற உயிர்களுக்கு எள்ளளவு உடல், ஆனால் மனிதனின் எடை. அவற்றின் உயிர் இயங்குவது அணுக்கரு வினைகளால், வேதிவினைகளால் அல்ல. ஆகவே நம்மைவிடப் பத்து லட்சம் மடங்கு வேகமாக வாழ்கின்றன. நமது ஒரு மணி நேரம் அங்கே நூறு ஆண்டுக்கு மேல்!

மூளையே இல்லாத ஒன்றுக்குப் புத்தி எப்படி வரும் என்று கேட்பவர்களை மழைக்காலத்தில் எங்கள் லாங்வுட் சோலைக்கு அழைத்துப்போக ஆசை. அங்கே அழுகிய கட்டைகளில் சளிப்பூஞ்சை மஞ்சள் விசிறிபோல் படர்ந்திருக்கும். கைலென்ஸ் வைத்துப் பொறுமையாகப் பார்த்தால், கிளைக்குழாய்களுக்குள் கூழ் ஒரு பக்கம் ஓடி, நின்று, மறுபடி எதிர்ப்பக்கம் ஓடுவது தெரியும். விசிறி முழுவதும் எண்ணற்ற உட்கருக்கள் கொண்ட ஒரே செல். 2000-ஆம் ஆண்டில் ஜப்பானில் தோஷியுகி நாககாகி குழுவினர் சளிப்பூஞ்சை ஒன்றைப் புதிர்ப்பாதையில் படரவிட்டு, இரு வாயில்களிலும் ஓட்ஸ் வைத்தார்கள். அது மற்ற வழிகளிலிருந்து சுருங்கிக்கொண்டு குறுக்குவழியில் மட்டும் நின்றது. இதைப் படித்த பிறகு எந்த எழுத்தாளரின் கற்பனையும் எனக்கு மிகையாகத் தோன்றவில்லை.

ஸ்தானிஸ்லாவ் லெம்மின் 'சோலாரிஸ்' (1961) எல்லாவற்றுக்கும் மேலே. கிரகத்தைப் போர்த்திய கடல் முழுவதும் ஒரே உயிர். தலைமுறை தலைமுறையாக ஆராய்ந்தும் மனிதர்களுக்கு அது பிடிபடவில்லை. கடைசிவரை பிடிபடாமலே விட்ட லெம்மின் நேர்மைக்கு என் வணக்கம்.

முதலில் கிளெமென்டைப் படியுங்கள். கடற்பயணக் கதையாக விறுவிறுவென்று போகும். ஃபார்வர்டின் மனிதப் பாத்திரங்களுக்கு உயிரோட்டம் குறைவு, சீலாக்களுக்காகப் பொறுத்துக்கொள்ளலாம். லெம்மைக் கடைசியில் வையுங்கள். 1970-இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பு பிரெஞ்சு வழியாக வந்தது. போலிஷ் மொழியிலிருந்து நேரடியாக பில் ஜான்ஸ்டன் செய்தது 2011-இல் வெளியானது. அதையே தேடிப் படியுங்கள்.