குழியில் கிடைத்த மான்கொம்பு அரண்மனைக்குச் சாட்சியா?

கேள்வி: தொட்டி கட்டக் குழி தோண்டியபோது ஓர் ஆள் ஆழத்தில் நிறைய விலங்கு எலும்புகள் வந்தன. பெரிய மான்கொம்பு ஒன்று, பன்றியின் கோரைப்பற்கள் சில, மீதியெல்லாம் உடைந்த துண்டுகள். "இது அரச குடும்பம் வேட்டையாடித் தின்ற இடம். நல்லதை மட்டும் பொறுக்கிக் கழுவி வார்னிஷ் பூசி வையுங்கள், சான்றிதழ் வாங்கித் தருகிறேன்" என்கிறார் ஒருவர். எலும்பை வைத்து அப்படிச் சொல்ல முடியுமா?

பதில்: சில சமயம் முடியும். அவர் சொன்னபடி செய்துவிட்டால் அப்புறம் யாராலும் முடியாது.

கொம்பையும் பல்லையும் அவர் கேட்பது, அவை அலமாரியில் வைக்க அழகாக இருப்பதால்தான். நான் முதலில் தேடுவது அந்த உடைந்த துண்டுகளில் ஒரு கீழ்த்தாடையை. பால்பல் விழுந்திருக்கிறதா, கடைவாய்ப்பல் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்தால் விலங்கு எந்த வயதில் அறுபட்டது என்று தெரிந்துவிடும். உழுது களைத்த கிழட்டு மாட்டின் பல் மழுங்கியிருக்கும். பால்குடி மறக்காத பன்றிக்குட்டிகளும் ஆட்டுக்குட்டிகளும் வெட்டுத் தடத்தோடு குவியலாகக் கிடந்தால், வளர்த்தால் எவ்வளவு கறி தேறும் என்று கணக்குப் பார்க்காத வீடு அது.

அடுத்து, எந்தப் பாகம் என்ற கேள்வி. இடைக்கால இங்கிலாந்தில் மானை வேட்டையாடிய இடத்திலேயே முறைப்படி பங்கு போட்டார்கள். முன்சப்பை காட்டுக் காவலருக்கு, இடுப்பெலும்பில் ஒரு பகுதி காக்கைக்கென்று அங்கேயே விடப்படும், பின்தொடை பிரபுவுக்கு. அதனால் கோட்டைக் குப்பையில் பின்னங்கால் எலும்பு மிகுந்தும் இடுப்பெலும்பு குறைந்தும் இருக்கும். காவலர் வீட்டில் முன்னங்கால்தான் அதிகம். ஒரே மான், இரண்டு குப்பைமேட்டில் இரண்டு அந்தஸ்து. நீங்கள் "நல்லதை மட்டும்" பொறுக்கினால் இந்தக் கணக்கு எங்கிருந்து வரும்?

அபூர்வ விலங்குகள் தனி வகை. அயர்லாந்தில், பழைய அரசர்களின் இருக்கை என்று சொல்லப்படும் நேவன் கோட்டையில் 2,000 ஆண்டுகளுக்கு மேல் பழைய, வட ஆப்பிரிக்க இனக் குரங்கின் மண்டையோடு கிடைத்தது. அந்தக் குரங்கு தானாக நடந்து போயிருக்காது. எகிப்தில் ஹைராகோன்போலிஸ் என்ற இடத்தில், 5,500 ஆண்டுகளுக்கு முந்தைய மேட்டுக்குடிக் கல்லறைகளைச் சுற்றி யானை, பபூன் குரங்கு, நீர்யானை எல்லாம் புதைக்கப்பட்டிருந்தன. பபூன்களின் கைகால் எலும்புகள் முறிந்து மறுபடி கூடியிருந்தன. அடித்தோ கட்டிவைத்தோ உயிரோடு அடைத்து வைத்திருந்த காலத்தின் தழும்பு அது. அதிகாரம் எப்படி நடந்துகொண்டது என்பதற்குக் கல்வெட்டே வேண்டாம்.

இனி உங்கள் கொம்பு. இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், முக்கால்வாசிப் பேர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். மானின் கிளைக்கொம்பு மாட்டுக்கொம்பு மாதிரி இல்லை. உதிர்ந்து உதிர்ந்து முளைப்பது. அடிப்பகுதியைத் திருப்பிப் பாருங்கள். மோதிரம் போலத் தடித்த விளிம்பு இருக்கும். அதற்குக் கீழே சொரசொரப்பாக, லேசாகப் புடைத்து முடிந்திருந்தால் அது தானாக விழுந்த கொம்பு. யாரும் வேட்டையாடவில்லை, யாரோ காட்டில் பொறுக்கி வந்திருக்கிறார்கள். கிளை நுனிகள் அறுத்து எடுக்கப்பட்டிருந்தால் கத்திப்பிடியோ சீப்போ செய்த பட்டறையாக இருக்கலாம். அதாவது அரசர் வீடு இல்லை, உழைப்பாளி வீடு. சரி, மண்டையோட்டுத் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தால்? மான் செத்திருக்கிறது, அவ்வளவுதான். காட்டோரம் இருந்தவர்களுக்கு மான்கறி அன்றாடச் சாப்பாடு. வேட்டை சிலருக்கு மட்டுமே என்று சட்டம் போட்ட சமூகத்தில்தான் அது அந்தஸ்தின் அடையாளம்.

வார்னிஷ் பற்றி: எலும்பின் வயதை அதில் மிஞ்சியிருக்கும் புரதத்திலிருந்து கணிக்கிறார்கள். மேலே பூசியது உள்ளே ஊறினால் அந்தக் கணிப்பே கெடும். கம்பித் தூரிகையால் தேய்த்தால் பழைய வெட்டுத் தடம் போய்ப் புதுக் கீறல் வரும். அந்தச் சான்றிதழ்க்காரர் ஒரு தாடையையாவது கையில் எடுத்துப் பார்த்தாரா? பார்க்காமலே அரசர் என்றவர் நாளை உங்கள் பக்கத்து நிலத்துக்கும் அதையேதான் சொல்லுவார்.

அவரை மட்டும் குறை சொல்லவும் மனம் வரவில்லை. நான் வேலை பார்த்த ஓர் அகழாய்வில் ஒவ்வொரு பானையோட்டுக்கும் எண் போட்டார்கள். எலும்பு மொத்தமும் ஒரே சாக்கில், எந்தக் குழி என்ற சீட்டுகூட இல்லாமல் என்னிடம் வந்தது. மண்ணைச் சலிக்கவும் இல்லை, அதனால் மீன்முள்ளும் பறவை எலும்பும் மண்ணோடே போயின. அறிக்கையின் கடைசியில் எனக்குக் கிடைத்தது அரைப் பக்கம். "எலும்பில் சிறப்பாக ஒன்றும் இல்லை" என்று முன்னுரையில் எழுதிவிட்டார்கள்.

நீங்கள் தோண்டுவதை நிறுத்துங்கள். பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து, குழியின் சுவரும் தெரியும்படி படம் எடுங்கள். வெளியே வந்த துண்டுகளைக் கழுவாமல், எந்த ஆழம் என்று எழுதித் தனித்தனித் துணிப்பையில் நிழலில் வையுங்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டாதீர்கள், பூஞ்சை பிடிக்கும். தொல்லியல் துறைக்கு எழுத்தில் தெரிவித்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் வருவதற்குத் தாமதமாகும், அதற்குள் சான்றிதழ்க்காரர் இன்னும் இரண்டு தடவை வந்து கேட்பார். குழியில் மிச்சம் இருப்பதைத் தொடாமல் மண்ணைப் போட்டு மூடிவிடுங்கள்.