பெரிய மொழி தெரிந்தவர்களுக்கு எதற்குச் சிறிய மொழியில் பைபிள்?

கேள்வி: "சில ஆயிரம் பேர் மட்டுமே பேசும் மொழிகளில் பைபிளை மொழிபெயர்க்க ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறார்கள்? அவர்களுக்குத்தான் பக்கத்தில் உள்ள பெரிய மொழி தெரியுமே?"

நானும் இதே கேள்வியோடுதான் அந்த வேலைக்குப் போனேன். நான் பாதிரியாரும் இல்லை, மொழியியல் படித்தவனும் இல்லை. ஒரு சிறிய மொழியில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்துக்கொண்டிருந்த குழுவுக்குத் தட்டச்சும் பக்க வடிவமைப்பும் செய்துகொடுக்கப் போனவன். மொழியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இங்கே அது தேவையும் இல்லை.

வரைவு ஒன்று முடிந்ததும் அதை ஊர்க்காரர்களிடம் வாசித்துக் காட்டிச் சோதிப்பார்கள். மொழிபெயர்ப்பில் பங்கே எடுக்காத ஒருவரை உட்கார வைத்து, ஒரு பகுதியை வாசித்துவிட்டு, "கதையில் என்ன நடந்தது, சொல்லுங்கள்" என்று கேட்க வேண்டும். தப்பாகச் சொன்னால் தப்பு அவர்மேல் இல்லை, வரைவின் மேல். அன்றைக்கு மாற்கு 4-ஆம் அதிகாரம். கடலில் புயல், இயேசு படகின் பின்பக்கம் தூங்குகிறார், சீஷர்கள் எழுப்புகிறார்கள். நம் பழைய தமிழ் பைபிளில் "போதகரே, நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா" என்று வரும் இடம்.

கேட்டுக்கொண்டிருந்த பாட்டி கதையைச் சரியாகவே சொன்னார். சொல்லிவிட்டு, "அவரும் அதே படகிலதானே இருந்தாரு? கவுந்தா அவரும்தானே சாவாரு? அப்புறம் ஏன் இவங்க 'நாங்க'ன்னு சொல்றாங்க?" என்று கேட்டார்.

தமிழில் உள்ள நாம், நாங்கள் வேறுபாடு அந்த மொழியிலும் உண்டு. மூலக் கிரேக்கத்தில் அது கிடையாது. அங்கே இருப்பது "அழிகிறோம்" என்ற ஒரே வினைச்சொல்தான். படகில் தூங்குகிறவரையும் சேர்த்துச் சொன்னார்களா, விட்டுவிட்டுச் சொன்னார்களா என்பதை மொழிபெயர்ப்பவர்தான் முடிவு செய்தாக வேண்டும். நம் தமிழ்க்காரர்கள் "நாங்கள்" என்று முடிவு செய்துவிட்டார்கள். எத்தனையோ முறை படித்திருக்கிறேன், ஒருநாளும் எனக்கு உறைத்ததில்லை.

அன்று மதியச் சாப்பாடு வரை சண்டை. 'நாங்கள்' என்று போட்டால், இவர் சாகமாட்டார் என்று சீஷர்களுக்கு முன்பே தெரியும் என்றாகிவிடுகிறது, ஆனால் "இவர் யாரோ?" என்று அவர்கள் மிரண்டுபோய்க் கேட்பதே கதையின் கடைசியில்தான், அதனால் 'நாம்'தான் சரி என்றார் ஒருவர். பயத்தில் இருக்கிறவனுக்குத் தன் உயிர் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும், 'நாங்கள்'தான் சரி என்றார் இன்னொருவர். இரண்டு பேருமே பள்ளிப்படிப்பைத் தாண்டாதவர்கள்.

என்னை யோசிக்க வைத்தது வேறு. அந்தப் பாட்டி இதே கதையை நாற்பது வருடமாகக் கோயிலில் பெரிய மொழியில் கேட்டுவருகிறவர். அந்த மொழியில் நாம், நாங்கள் இரண்டுக்கும் ஒரே சொல். கதை புரியாமல் இல்லை, நன்றாகவே புரிந்திருந்தது. ஆனால் பெரிய மொழியில் அவர் கேட்டுக்கொள்கிறவர் மட்டும்தான். விளக்கம் சொல்வது எப்போதும் படித்த இன்னொருவர். தன் மொழியில் கேட்டபோது முதல் தடவையிலேயே குறுக்குக் கேள்வி வந்துவிட்டது. மொழிபெயர்ப்பு எதற்கு என்று கேட்டால் என் பதில் இதுதான்: புரிவதற்கு என்பதைவிட, எதிர்த்துக் கேட்பதற்கு.

"அவர்களுக்குப் பெரிய மொழி தெரியுமே" என்கிற வாதத்துக்குப் பதில் பைபிளுக்குள்ளேயே இருக்கிறது என்பது வேடிக்கை. அப்போஸ்தலர் 14-இல் பவுலும் பர்னபாவும் லீஸ்திராவில் பிரசங்கிக்கிறார்கள். அன்றைய பெரிய மொழியான கிரேக்கத்தில்தான் பேசியிருக்க வேண்டும். ஊராருக்கும் அது புரிகிறது. நடக்க முடியாத ஒருவன் எழுந்து நடந்ததும் கூட்டம் கத்துகிறது, ஆனால் அந்த ஊர்ப் பேச்சான லிக்கவோனியா மொழியில். தேவர்களே மனித உருவில் இறங்கிவிட்டார்கள் என்று. பவுலுக்கு அது பிடிபடவில்லை போலிருக்கிறது. பூசாரி எருதும் மாலையுமாகப் பலியிட வந்து நின்ற பிறகுதான் இருவரும் பதறிப்போய் உடையைக் கிழித்துக்கொண்டு ஓடுகிறார்கள். பெரிய மொழி தெரிந்த ஊர்தான், பேச்சும் புரிந்த ஊர்தான். அங்கே நடந்த குழப்பம் இது.

சொந்த மொழியில் கேட்பதன் அருமையை நாம் மறந்துவிட்டதற்குக் காரணம் உண்டு. ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்க் 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கினார், 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகிவிட்டது. 300 வருடமாக நாம் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறோம். கடவுளைக் குறிக்கும் சொல்லையே பாருங்கள்: அவருக்குப் பின் பைபிளைத் தமிழாக்கிய பெப்ரிசியுஸ் காலத்தில் பராபரன், 1871 திருத்தத்தில் தேவன், 1995-இன் பொது மொழிபெயர்ப்பில் கடவுள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு சண்டை. அந்தச் சண்டை போடும் உரிமை நமக்குக் கிடைத்துவிட்டது. உலகில் 7,000-க்கும் மேற்பட்ட மொழிகள் இருக்கின்றன, முழு பைபிள் இருப்பது எழுநூற்றுச் சொச்சம் மொழிகளில்தான். சைகை மொழிகளின் நிலை இன்னும் மோசம். முழு பைபிளும் முதன்முதலாக ஒரு சைகை மொழியில், அமெரிக்கச் சைகை மொழியில், முடிந்ததே 2020-இல்தான்.

"மதம் பரப்பத்தானே இதெல்லாம்?" என்று பின்னூட்டத்தில் கேட்பீர்கள். ஆமாம், பணம் அதற்காகத்தான் வருகிறது, அதை மறைப்பதில் அர்த்தமில்லை. ஆனால் அச்சான புத்தகம் அச்சிட்டவர் நினைத்தபடி மட்டும் நடந்துகொள்வதில்லை. ஜான் எலியட் என்ற ஆங்கிலேயப் பாதிரியார், பூர்வகுடி மொழிபெயர்ப்பாளர்களின் உதவியோடு, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பகுதிப் பூர்வகுடி மக்களின் மொழியில் 1663-இல் முழு பைபிளை அச்சிட்டார். குடியேறிகள் அந்த மக்களின் நிலத்தைப் பறித்தார்கள், பின்னால் மொழியும் பேச்சுவழக்கிலிருந்து அற்றுப்போனது. 1990-களில் ஜெசி லிட்டில் டோ பேர்ட் என்ற, அந்தப் பூர்வகுடிகளில் ஒன்றான வாம்பனோவாக் இனத்துப் பெண், அந்த பைபிளையும் அதே மொழியில் தம் முன்னோர் எழுதிவைத்த பத்திரங்களையும் வைத்துக்கொண்டு மொழியை மீட்கத் தொடங்கினார். அவருடைய மகள் அதைத் தாய்மொழியாகவே பேசி வளர்ந்தாள். எலியட் இதற்காகவா அச்சிட்டார்?

குறைகளும் உண்டு. நாலு வட்டார வழக்கு உள்ள மொழியில் ஒன்றை எடுத்து அச்சிட்டால் மற்ற மூன்றும் "கொச்சை" ஆகிவிடும். எழுத்தே பழகாத ஊரில் புத்தகக் கட்டுகள் பிரிக்கப்படாமல் கிடப்பதையும் பார்த்திருக்கிறேன். அங்கே முதலில் ஒலிப்பதிவு போயிருக்க வேண்டும்.

அந்தப் பாட்டியின் கேள்விக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். அன்று மாலை 'நாம்' என்று மாற்றினோம், நானேதான் தட்டச்சு செய்தேன். அடுத்த மாதம் ஆற்றுக்கு அந்தப்பக்கம் உள்ள ஊரில் வாசித்தபோது ஒரு பெரியவர், "எஜமானை எழுப்புறவன் அப்படியா பேசுவான்?" என்று கேட்டுவிட, மறுபடி 'நாங்கள்'. நான் வேலையை விட்டு வந்த பிறகு வந்த கடைசி வரைவில் அந்த வசனத்துக்குப் பக்கத்தில் இன்னும் ஒரு கேள்விக்குறி இருந்தது.