வெட்டிய சுவரை மூடுவது யார்?

கேள்வி: ஜெலுத்தோங்கில் உள்ள எங்கள் வரிசை வீட்டில் ஏர்கோனுக்கும் வாட்டர் ஹீட்டருக்கும் புதிய பாயிண்ட் வைக்க, மூவரிடம் விலை கேட்டு, குறைவாகச் சொன்ன வயர்மேனை அழைத்தோம். சுவரை நெடுக வெட்டி வயர் செல்லும் குழாயைப் பதித்தவர், பணத்தை வாங்கிக்கொண்டு, “சுவர் என் வேலை இல்லை” என்று போய்விட்டார். பூசிச் சாயம் அடிக்கக் கொத்தனார் 450 ரிங்கிட் கேட்கிறார். இந்தச் செலவு யாருடையது? – வாசகி, பினாங்கு

பதில்: ஒரு பகுதி அவருடையது, மறு பகுதி உங்களுடையது. பஞ்சாயத்துக்காகச் சொல்லவில்லை, கோடு அங்கே விழுவதற்குக் காரணம் இருக்கிறது. சுவருக்குள் புதைக்கும் பிவிசி குழாய்க்கு அதன்மேல் நிற்கும் சிமெண்டுப் பூச்சுதான் கவசம். ஆகவே, பள்ளத்தைத் திறந்தபடி விட்டுச் செல்பவர் சுவர் வேலையை அல்ல, தம்முடைய வயரிங் வேலையையே பாதியில் விட்டுச் செல்கிறார். முன்கூட்டியே வேறுவிதமாகப் பேசிக்கொள்ளாத வரையில், அதைச் சுவர் மட்டத்துக்கு அடைத்துக் கொடுப்பது அவர் கடமை என்பதே என் கருத்து. அதற்கு மேல் வரும் மெல்லிய பூச்சும் சாயமும் கண்ணுக்கானவை. பேசியிருந்தாலொழிய அவற்றை அவர் தலையில் கட்ட முடியாது.

அவர் எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்றவர்தானா என்பதை நீங்கள் எழுதவில்லை. பதிவு பெற்றவராகவே இருந்தாலும், அந்தச் சான்றிதழ் அவருக்கு வயரைத் தெரியும் என்கிறதே தவிர, கரண்டி பிடிக்கத் தெரியும் என்று சொல்வதில்லை. அடைப்பதற்கும் ஒரு முறை உண்டு. பள்ளத்தில் படிந்த செந்தூளைத் துடைத்து, செங்கலை நனைத்த பிறகே கலவையை அழுத்த வேண்டும். காய்ந்த செங்கல் கலவையின் நீரை உறிஞ்சிவிட்டால் பூச்சு பிடிக்காமல், சில மாதங்களில் குழாய் போன வழி முழுவதையும் மயிரிழை விரிசல் காட்டிக்கொடுத்துவிடும். என் வீட்டில் ஒருவர் சுவிட்ச் பெட்டியைச் சுற்றிலும் பழைய நாளிதழை உருட்டித் திணித்து, மேலே மட்டும் மெழுகிவிட்டுப் போயிருந்தார். சுவரைத் துடைத்தபோது என் விரல் உள்ளே போயிற்று. தாள் நம் இதழினுடையது அல்ல என்பது ஒன்றுதான் ஆறுதல்.

இனி உங்கள் பக்கம். பாயிண்ட்டுக்கு எவ்வளவு என்று மூவரைக் கேட்ட நீங்கள், சுவர் என்னவாகும் என்று ஒருவரையும் கேட்கவில்லை. கூடுதலாகச் சொன்ன இருவரின் விலையில் அடைக்கும் வேலையும் சேர்ந்திருந்ததோ என்னவோ! இதனால் வயர்மேன் தப்பிவிட மாட்டார். எத்தனையோ வீட்டுச் சுவர்களை வெட்டியவருக்குத் தெரிந்தது உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை; கிரைண்டரைக் கையில் எடுப்பதற்கு முன் வாய் திறந்திருக்க வேண்டியவர் அவர்.

1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, சேவை வழங்குபவர் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் வேலை செய்ய வேண்டும். அவர் மறுத்தால், 5 ரிங்கிட் கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமலேயே, பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனுச் செய்யலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. ஆனால் முழுச் சுவருக்கும் சாயம் வேண்டும் என்று அங்கே போய் நிற்காதீர்கள். வெயிலில் வெளுத்த பழைய சாயத்தோடு புதிய திட்டு ஒட்டாது என்பது உண்மைதான். அந்தப் பழைய சுவர் வயர்மேன் வெளுக்க வைத்தது அல்லவே.

பள்ளத்தை மூடுவதற்கு முன், அளவு நாடாவைப் பக்கத்தில் பிடித்து, குழாய் போகும் வழியைப் படம் எடுத்து வையுங்கள். நாளைக்கு ஆணி அடிப்பவருக்கும் உதவும், மன்றத்துக்கும் உதவும். கொத்தனாரின் 450 ரிங்கிட்டில் பள்ளம் அடைக்க எவ்வளவு, சாயத்துக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதி வாங்கி, முதல் தொகையை மட்டும் வயர்மேனிடம் கேளுங்கள்.