விதையைத் தின்னும் விலங்குகள் ஆக்கிரமிப்புத் தாவரங்களைக் கட்டுப்படுத்துமா, பரப்புமா?

இரண்டும் நடக்கும். விதை அந்த விலங்கின் வாயில் உடைகிறதா, முழுசாக உள்ளே போகிறதா என்று முதலில் பாருங்கள்.

சீமைக்கருவேலத்தை எடுத்துக்கொள்வோம். அதன் நெற்றில் சதை இனிக்கும், விதைக்கோ கெட்டியான உறை. மாடு அரைகுறையாக மென்று விழுங்கிவிடும். தப்பிய விதைகள் தாய்மரத்தை விட்டு வெகுதூரம் தள்ளி, ஈரச் சாணத்தோடு போய் விழும். மழைக்குப் பிறகு ஒரே சாணக் குவியலில் கன்றுகள் கொத்தாக நிற்பதைப் பார்த்தால், பரப்புவது யார் என்று கேட்கவே வேண்டாம். செம்மறி ஆடு நன்றாக அரைத்து மெல்வதால் அதன் வழியே உயிரோடு வரும் விதை குறைவு.

அதே நெற்றில் விதை வண்டும் முட்டையிடும். சேமித்த பயறைத் துளைக்கும் வண்டின் உறவுதான் அது. புழு விதைக்குள் புகுந்து பருப்பைத் தின்று, வண்டாகி, வட்டமாக ஓட்டை போட்டு வெளியே வரும். அந்த விதை அதோடு சரி. இதை நம்பித்தான் தென்னாப்பிரிக்காவில் 1987இல் அமெரிக்க வண்டு ஒன்றைக் கொண்டுவந்து விட்டார்கள். ஆனால் வண்டு பெருகி வேலையை முடிப்பதற்குள் கால்நடைகள் நெற்றைத் தின்று தீர்த்தன. மந்தையைத் தடுத்த இடங்களில்தான் வண்டால் பெரும்பாலான விதைகளை அழிக்க முடிந்தது. ஆக, யார் முந்துகிறார்கள் என்பதும் முக்கியம்.

பறவைகள் வேறு மாதிரி. டஹீட்டி தீவுக்கு 1937இல் அழகுக்காகக் கொண்டுவந்த மைக்கோனியா மரம் இன்று அங்குள்ள காடுகளை மூடிக் கிடக்கிறது. பழத்துக்குள் விதைகள் பொடிப்பொடியாக இருப்பதால் அலகில் நசுங்காது. அவற்றைப் பரப்புகிற கொண்டைக்குருவியும் வெள்ளைக்கண்ணியும்கூட வெளியிலிருந்து அந்தத் தீவுக்கு வந்தவைதான். இப்படி வந்தேறிக்கு வந்தேறி கைகொடுப்பதுதான் எனக்கு மிகவும் கவலை தருவது.

அப்புறம் ஒன்று. பத்தில் ஒன்பது விதை அழிந்தாலும் மரம் குறையும் என்று உறுதியில்லை. மண்ணில் ஏற்கெனவே விதை குவிந்திருந்தால், மிஞ்சியதே இருக்கிற இடத்தை நிரப்பப் போதும். ஆண்டுக்கு ஆண்டு விதையிலிருந்தே முளைக்கும் சிறு செடிகளுக்கு இந்த இழப்பு உறைக்கும். நெடுநாள் வாழும் மரங்களில் புது இடம் பிடிக்கும் வேகம்தான் மட்டுப்படும். அதனால் வண்டை மட்டும் நம்பி வெட்டுவதை நிறுத்திவிடக் கூடாது.

கால்நடைக்கு நெற்று வேண்டுமென்றால், விதையும் சேர்ந்து நொறுங்கும்படி மாவாக அரைத்துக் கொடுங்கள். தீவனமும் கிடைக்கும், சாணத்தில் முளைப்பும் இருக்காது.